குரல் வந்த திசை

எங்கள் ஒலிபரப்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. விமானம் மோதிவிடும், விளக்கு கட்டாயம் எரிய வேண்டும் என்று இராணுவக் காம்பிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமை இயக்கப் பெடியள் வந்தார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஹெலி ஊருக்குள் வருகிறது, இனி அது எரிந்தால் கோபுரமே இராது என்றார்கள். இரண்டு பகுதியாரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். துவக்கு வைத்திருப்பவன் மரியாதையாகக் கதைத்தால்தான் எனக்குக் கூடப் பயம்.

நிலையம் மயிலிட்டிக்குத் தெற்கே, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. தலைநகரான கொழும்பிலிருந்து வரும் நிகழ்ச்சியை வாங்கிக் குடாநாட்டுக்குத் தெளிவாகக் கேட்கும்படி திருப்பி அனுப்புவதுதான் எங்கள் வேலை. சொந்தமாக ஒரு சொல்லும் நாங்கள் சொன்னதில்லை. வால்வுகள் கொதிக்கும் ஒரு மண்டபம், அவற்றுக்குக் காற்று ஊதும் விசிறியின் ஓயாத இரைச்சல், வெளியே அந்தக் கோபுரம். கோபுரம் முழுவதுமே ஏரியல்தான். பெரிய பீங்கான் ஒன்றின் மேல் நிற்கும். ஒலிபரப்பு நடக்கும்போது நிலத்தில் நின்றபடி அதைத் தொட்டால் கை கருகிவிடும். வேலிக்குள் புகுந்த ஆடு ஒன்று அப்படித்தான் செத்தது. பக்கத்துத் தோட்டத்தின் துருப்பிடித்த முட்கம்பி வேலி சில நாட்களில் செய்தி வாசிக்கும். தோட்டக்காரரின் மனைவி பேய் பிடித்ததென்று அதற்குத் தேசிக்காய் வெட்டிக் கழித்துப் பார்த்தாள். செய்தி நிற்கவில்லை.

விளக்கு விவகாரத்துக்கு எங்கள் பொறுப்பதிகாரி ஐயா வழி கண்டுபிடித்தார். பென்சனுக்குக் கொஞ்சக் காலமே இருந்த மனிதர். யாரையும் பகைக்காமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே பிரார்த்தனை.

"தம்பி, மத்தியானம் ஒலிபரப்பு நிக்கேக்கை ஏறி அந்தப் பல்ப்பைக் கழட்டிக்கொண்டு வா. பல்ப் எரிஞ்சுபோச்சு, புதுசு கொழும்பிலயிருந்து வரவேணும் எண்டு காம்புக்குச் சொல்லுவம். கொழும்பிலயிருந்து எது வந்தது, இது வர?"

ஏறிக் கழற்றினேன். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் காம்பும் விமான ஓடுபாதையும் தெரியும். வடக்கே கடல். கரையிலிருந்து கொஞ்சம் வெளியே முருகைக்கல் பாரின் மேல் அலை உடைந்து வெள்ளை நுரையாகக் கரை நெடுகிலும் கிடக்கும். அந்தப் பாரை ஓரிடத்தில் உடைத்து வெட்டிய வாய்க்கால் வழியாகத்தான் மயிலிட்டி வள்ளங்கள் துறைக்குள் வரலாம். வேறு எங்கே வந்தாலும் கல். பல்ப்பைச் சட்டைப்பைக்குள் போட்டபோது எனக்கு அந்த வாய்க்காலைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. விடியுமுன் திரும்பும் வள்ளங்கள் எல்லாம் எங்கள் சிவப்பு விளக்கைப் பிடித்துத்தான் அந்த வாய்க்காலைத் தேடி வந்தன. அந்த வள்ளங்களில் ஒன்று என் மச்சானுடையது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நான் உரும்பிராய்ப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரன் மகன். வேலைக்கு வந்த இடத்தில் மயிலிட்டிக் கடற்கரைப் பெண் ஒருத்தியை விரும்பிக் கட்டினேன். நாங்கள் சைவம், அவள் வேதக்காரி, அதிலும் கடற்தொழில் செய்கிற குடும்பம். என் வீட்டார் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். இந்தப் பக்கம் மச்சான்தான் என்னை ஏற்றுக்கொண்ட முதல் ஆள். கல்யாணத்தன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், கடலுக்க போனா உனக்குத் தலை சுத்துமோ?"

சுத்தும் என்றேன்.

"கோபுரத்தில ஏறேக்கை?"

இல்லை என்றேன்.

"அப்ப சரி. நீ மேல போ, நான் வெளியில போறன். ரெண்டு பேருமாக் குடும்பத்தைப் பாப்பம்."

அந்த ஒரு பேச்சில் நான் அந்த வீட்டு ஆள் ஆனேன். என் கூடப்பிறந்தவர்களிடம் கிடைக்காத உரிமை அவரிடம் கிடைத்தது. அவருக்கு ஏதும் வந்தால் இரண்டு வீடுகள் விழும் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது.

விளக்கு அணைந்த கொஞ்ச நாளில் தேவாலயத்து வெளிச்சத்தையும் அணைக்கச் சொன்னார்கள். கரை முழுவதும் இருட்டு. அந்த வருடம் கடலில் தூரம் போகவும் கடற்படையின் தடை. வாடைக்காற்று தொடங்கினால் மயிலிட்டிக்காரர் வழக்கமாக வேறு கரைகளுக்குப் போய் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்வார்கள். அதுவும் முடியாது. கரைக்கு வடமேற்கே, அனுமதித்த ஒரு துண்டுக் கடலில் எல்லா வள்ளங்களும் முண்டியடித்து வலை போட்டன. பிறகு நங்கூரத்தைப் போட்டுவிட்டு விடியுமட்டும் அலையில் கிடந்து ஆடி, வெளிச்சம் வந்த பின்தான் கரைக்கு வந்தன. மீன் வாங்க வரும் லொறிகள் அதற்கு முன்பே போய்விடும். மச்சான் கொண்டுவந்த மீனில் பாதி கருவாடானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சின்னத் திரான்சிஸ்ரர் றேடியோ. கடலுக்குக் கொண்டுபோகிற றேடியோ அது, பொலித்தீன் பையில் சுற்றியிருந்தார்.

"உங்கடை றேடியோவுக்கு ஏதோ வருத்தம் மச்சான். வள்ளம் நங்கூரத்தில சுழலேக்கை ஒரு பக்கம் திரும்பினாச் சத்தம் செத்துப்போகுது. இன்னும் கொஞ்சம் திரும்பினா உயிர் வருது. ஒவ்வொருக்காலும் அதே இடத்திலதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. றேடியோவின் முதுகைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே கம்பி சுற்றிய கறுப்புக் கோல் ஒன்று கிடக்கும். அந்தக் கோலின் நுனி கோபுரத்தைப் பார்த்து நின்றால் குரல் விழுந்துவிடும். குறுக்காக நின்றால் நன்றாகக் கேட்கும். எல்லா றேடியோவிலும் அப்படித்தான் என்றேன். அவர் முற்றத்துக்கு இறங்கினார். றேடியோவைக் கையில் ஏந்தி மெல்ல மெல்லத் திருப்பினார். குரல் விழுந்த இடத்தில் நின்றுகொண்டு கோலின் நுனிக்கு நேரே தலையை நிமிர்த்தினார். பனைகளுக்கு மேலே எங்கள் கோபுரம் நின்றது.

"அட அறுவானே," என்றார். "உதை நீ ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

உண்மையில் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. எங்களுக்கு அது பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு பக்கம். அடுத்த நாள் பகலில் அவர் கடலுக்குள் போய், கோபுரம் கண்ணுக்குத் தெரியும்போதே றேடியோவைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்திருக்கிறார். அந்தத் துண்டுக் கடலிலிருந்து கோபுரத்தை நோக்கி நேரே வந்தால் வாய்க்காலின் வாய்க்குச் சற்றுப் பக்கத்தில் வந்து நிற்கலாம். மிச்சத்தை அலையின் சத்தத்தில் வள்ளக்காரர் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கிழமையே விடியுமுன் கரைக்கு வந்த ஒரே வள்ளம் மச்சானுடையது. மச்சானுக்கு வாய் சும்மா இராது. அடுத்த கிழமை துறையில் எல்லா வள்ளத்திலும் ஒரு றேடியோ இருந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. காலை நிகழ்ச்சி தொடங்குமுன்பே சில வள்ளங்கள் திரும்ப ஆயத்தமாகிவிடும். வால்வுகள் சூடாவதற்காக நாங்கள் எப்படியும் முன்கூட்டியே இயந்திரத்தைப் போடுவோம். அந்த நேரத்தில் 'கூ' என்று ஒரே சீரான சோதனைச் சத்தம் ஒன்றை விட்டால் என்ன என்று ஐயாவிடம் கேட்டேன். பேச்சை விட அந்தச் சத்தத்தில் குரல் விழுவது நன்றாகத் தெரியும்.

"ஆர் கேட்டது? கடற்கரையாரோ?"

"ஓம் ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சோதனை செய்யிறது எங்கடை வேலைதானே. நல்லாச் சோதி," என்றார். பயந்த மனிதர்தான், ஆனால் கெட்டவர் அல்ல. அதை இங்கே சொல்லாவிட்டால் எனக்குப் பாவம்.

அன்றிலிருந்து காலைக் கடமை என்றால் எனக்குத் திருவிழாப் போல. நிலையத்திலேயே படுத்து எழும்பி, வால்வுகள் சிவந்து வரும்வரை நின்று, மின்னழுத்தத்தை ஏற்றி, மீற்றர் முள் எழும்பியதும் அந்தச் சத்தத்தை விடுவேன். அது கடலுக்கு மேலே போய் நாலு பேர் குந்தியிருக்கும் வள்ளத்துக்குள் விழுவதை நினைத்தால் நெஞ்சு நிறையும். அத்தனை வருடமும் யாரோ வாசித்த செய்தியையும் யாரோ பாடிய பாட்டையும் அனுப்பியவன் நான். இது ஒன்றுதான் நானாக அனுப்பியது.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. எங்கள் நிலையம் பேசும் அதே அலைவரிசையில், அதே நிகழ்ச்சியைத் தெற்கே வெகு தூரத்தில் இன்னொரு பெரிய நிலையமும் அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் வேலை செய்யும்போது அதன் குரல் எங்களுக்குள் அமுங்கிவிடும். நாங்கள் நின்றுபோனால் அது மெல்லிதாகக் கேட்கும், விடியற்காலையில் இன்னும் நன்றாக. சனங்களுக்கு அது ஒரு நல்ல ஏற்பாடு. நிலையம் பழுதானாலும் நிகழ்ச்சி நிற்காது. ஆனால் றேடியோவைத் திருப்பித் திசை பார்ப்பவனுக்கு அது வேறு திசையைக் காட்டும்.

திருத்த வேலைக்காக நிலையத்தை நிறுத்திய ஒரு காலையில் மச்சானைக் கூப்பிட்டு அதையும் காட்டினேன். அதே பாட்டு, மெலிந்து, தேய்ந்து கேட்டது. கோலின் நுனி கோபுரத்தை விட்டு மேற்காக விலகிக் காட்டியது. அந்தத் திசையில் கடலிலிருந்து வந்தால் கீரிமலைப் பக்கத்துக் கற்கரை.

"குரல் நோஞ்சானாக் கேட்டா அது நாங்கள் இல்லை. நம்பாதையும் மச்சான். நங்கூரத்தைப் போட்டிட்டு விடியுமட்டும் கிடவும்."

"விளங்குது, விளங்குது. சத்தமாப் பேசினா நீ. முனகினா மற்றவன்."

அதை அவர் துறையில் எல்லாருக்கும் சொன்னார். உண்மையிலேயே சொன்னாரா என்று நான் பிறகு விசாரித்தேன். எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு பிறந்ததும் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவதற்கு அரசாங்கம் தடை போட்டது. டீசல் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்குச் சனம் நாள் முழுக்க வரிசையில் நின்றது. வேறு பொருட்களும் ஒவ்வொன்றாகக் கடைகளில் இருந்து மறைந்தன, றேடியோப் பற்றரியும் அவற்றில் ஒன்று. எங்கள் சனத்துக்கு எதற்கும் ஒரு வழி இருக்கும். செத்துப்போன பற்றரிகளைக் கூரைத் தகரத்தில் வெயிலில் காயப்போட்டார்கள். சூடேறினால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும், கொஞ்ச நேரம் பாடும். மயிலிட்டியில் அந்த மாதம் கருவாட்டுக்குப் பக்கத்தில் பற்றரியும் காய்ந்தது. மச்சானின் மனைவி காலையில் அவற்றை வரிசையாக அடுக்கி, மத்தியானம் ஒருமுறை பிரட்டி விடுவாள்.

தை மாதத்தின் ஒரு பகல், வாகனம் ஒன்றில் சிலர் நிலையத்துக்கு வந்தார்கள். ஆயுதம் வைத்திருந்தார்கள். ஜெனரேற்றர் அறையைத் திறக்கச் சொன்னார்கள். பீப்பாக்களில் இருந்த டீசல் முழுவதையும் ஏற்றினார்கள். ஐயா வாசலில் நின்று, "தம்பிமார், கறண்ட் நிண்டா ஒலிபரப்பு நிண்டுபோம்," என்றார்.

"நிண்டா என்ன, கொழும்பு கதைக்கிறது கேக்கும்தானே," என்றான் ஒருவன். அவன் சொன்னது சரிதான், தெற்கு நிலையம் கேட்கும். அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

இயந்திரத்தின் தொட்டிக்குள் இருந்ததை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் அடுத்தடுத்து வந்த மின்வெட்டுகளில் தீர்ந்தது. நான் மூன்று இடங்களில் டீசலுக்கு அலைந்தேன். கொடிகாமத்தில் ஒரு லொறிக்காரன் தருவதாகச் சொல்லி என்னை இழுத்தடித்தான். கறண்ட் மட்டும் நிற்கக்கூடாது என்று, சைவக்காரனான நான், மயிலிட்டித் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

மாசியில் ஒரு பின்னேரம் தெற்குப் பக்கம் எங்கேயோ ஒரு பெரிய வெடிச் சத்தம் கேட்டது. உடனே கறண்ட் போனது. கறண்ட் வரும் வழியில் எதையோ தகர்த்துவிட்டார்கள், திருத்த இரண்டு மூன்று நாளாகும் என்று செய்தி வந்தது. வள்ளங்கள் அதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டன. பின்னேரம் வாடை இலேசாகத்தான் வீசியது. பொழுதுபட்டபின் அது எழும்பிப் பனைகளை ஆட்டத் தொடங்கியது.

அன்றைக்கு நிலையத்தில் நானும் ஐயாவும்தான். நான் சமையலறையில் இருந்த மண்ணெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் கலந்து ஜெனரேற்றர் தொட்டிக்குள் ஊற்றினேன். டீசல் இயந்திரம் இந்தக் கலவையில் ஓடும், இருமி இருமி ஓடும். அப்போது பாதிக் குடாநாடு அப்படித்தான் ஓடியது. எண்ணெய் கொஞ்சமாக இருந்ததால் விடியற்காலை வரை வைத்திருந்து பிறகு சுழற்றினேன். பிடித்தது. விளக்குகள் மங்கலாக எரிந்தன, விசிறி சுழன்றது. வால்வுகளுக்குச் சூடு கொடுத்தேன். அவை சிவந்து வருமுன் அழுத்தத்தை ஏற்றக்கூடாது, ஏற்றினால் வால்வு போய்விடும். நின்றேன். கறுப்புப் புகை அறையை நிறைத்தது. ஐயா மேற்சட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு கதவடியில் நின்றார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் அந்த இயந்திரத்தைப் பிள்ளையைப் போலக் கெஞ்சினேன். வால்வுகள் சிவக்கத் தொடங்கிய நேரம் அது இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. எண்ணெய் அடைத்துவிட்டது. குழாயைக் கழற்றி, ஊதி, பூட்டி, திரும்பத் திரும்பச் சுழற்றினேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. அது பிறகு பிடிக்கவேயில்லை.

"விடு தம்பி," என்றார் ஐயா. "அவங்களுக்குத் தெரியும்தானே. சத்தம் இல்லாட்டி வரமாட்டாங்கள்."

அது எனக்கும் ஆறுதலாக இருந்தது. சோதனைச் சத்தம் வராவிட்டால் நிலையம் செத்துக் கிடக்கிறது என்று மச்சான் ஊகிப்பார். நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கிடப்பார். வாடையில் கிடந்து வாந்தியெடுப்பார்களே தவிர உயிருக்குப் பயமில்லை. அப்படி நினைத்துக்கொண்டு கையைத் துடைத்தேன்.

காலை நிகழ்ச்சி தொடங்கும் நேரம் ஆனது. மேசையில் போட்டபடி இருந்த எங்கள் பற்றரி றேடியோ தானாகவே பாடத் தொடங்கியது. தெற்கு நிலையம் சரியான நேரத்துக்குத் திறந்திருந்தது. ஆரம்ப இசை, பிறகு வணக்கம், பிறகு பக்திப் பாடல். மெலிவாகத்தான், ஆனால் ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டது. கடலிலும் இதே குரல்தான் கேட்கும். ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் றேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே ஓடினேன். வேலியோரம் காய்ந்த பனங் காவோலை குவிந்து கிடந்தது. கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொளுத்தினால் வாய்க்கால் தெரியும் என்று ஒரு கட்டை இழுத்தேன். ஐயா பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். அவ்வளவு பலம் அவருக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"கரையில நெருப்பைக் கண்டா ஷெல் அடிப்பாங்கள். துறையைச் சுத்தி எத்தினை வீடு இருக்கு, யோசி. உன்ரை மனிசியும் அங்கைதான் படுத்திருக்கிறா."

"மச்சான் கடலுக்க நிக்கிறார் ஐயா."

"அவனுக்குத் தெரியுமடா. நீதானே சொல்லிக் குடுத்தனி."

காவோலையை விட்டேன். வானம் வெளுக்கும் வரை கேற்றில் நின்றோம். வெளுத்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைக்கு மிதித்தேன்.

துறையில் பெண்கள் கூடி நின்றார்கள். வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் பகல் வெளிச்சத்தில் வாய்க்காலுக்குள் வந்தன. காற்றில் அடிபட்டு, வலையை அறுத்துவிட்டு வந்தவையும் இருந்தன. ஒவ்வொன்றாக வந்து முடிந்தது. மச்சானின் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் முழங்கால் வரை நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நானும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேற்கே கல்லுக் கரையில் வள்ளம் உடைந்து கிடக்கிறது என்று ஒருவன் சைக்கிளில் வந்து சொன்னான். அதில் மூன்று பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மச்சானையும் இன்னொருவரையும் கரையில் கிடத்தியிருந்தார்கள். மச்சானின் நெற்றியில் மட்டும் காயம், மற்றப்படி நித்திரை போலத்தான். நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். அந்தக் கால் சில்லென்று இருந்தது. அழுகை வரவில்லை. யாரையாவது கொல்ல வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

உயிரோடு கிடந்தவர் மச்சானுடன் வெகுகாலம் தொழில் செய்த வயதான கூட்டாளி. கல்லில் தேய்ந்து முதுகுத் தோல் உரிந்திருந்தது. ஒரு சாக்கின் மேல் குப்புறப் படுத்தபடி எனக்குச் சொன்னார்.

"உன்ரை கூச் சத்தம் வருமெண்டு பாத்துக்கொண்டு கிடந்தம். வரேல்லை. காத்து அள்ளுது. வலை போச்சு. அவன் ஒண்டும் யோசிக்கேல்லை, நங்கூரம் போட்டிட்டு விடியுமட்டும் கிடப்பம் எண்டுதான் சொன்னவன். பிறகு பாட்டு வந்துது. 'மச்சான் இண்டைக்கு நித்திரையாப் போனான், பிந்தி எழும்பிப் போட்டிருக்கிறான்' எண்டு சொல்லிச் சிரிச்சான்."

அவருடைய முதுகில் மொய்த்த ஈக்களை நான் விரட்டினேன்.

"சத்தம் குறைவுதான் தம்பி. நான் சொன்னனான், குரல் நோஞ்சானா இருக்கு எண்டு. அவனும் காதுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தவன். காயப்போட்ட பற்றரிதானே, எந்த நாளும் உப்பிடித்தான் முனகுது எண்டான். அது உண்மைதான். ரெண்டு கிழமையா எங்களுக்கு உன்ரை குரலே நோஞ்சான்தான். பிறகு றேடியோவைத் திருப்பிப் பாத்தான், நங்கூரத்தை இழுத்தான்."

அவ்வளவுதான் நடந்தது. மற்ற வள்ளங்கள் தப்பியதற்குக் காரணம் அவர்கள் கெட்டிக்காரர் என்பதல்ல. சிலருடைய பற்றரி அன்று முற்றாகச் செத்துவிட்டது, சிலர் மச்சான் முதலில் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கியவர் அவர், முன்னுக்குப் போவதும் அவர்தான்.

அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. உரும்பிராயிலிருந்து என் தமையனும் வந்தான், கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக. என் தோளில் கையை வைத்தான். நான் அதைத் தட்டிவிட்டேன். செத்த வீட்டில்தான் இவர்களுக்கு உறவு ஞாபகம் வரும்.

எங்கள் பகுதியில் ஒருவர் செத்தால் வானொலியில் மரண அறிவித்தல் போடாமல் விடமாட்டார்கள். தூரத்து உறவுகளுக்கு அதுதான் ஓலை. தந்தியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். தந்தி போய்ச் சேர்ந்து அறிவித்தல் வரும்போது அடக்கம் முடிந்துவிட்டது, கறண்டும் வந்துவிட்டது. அந்த நேரம் நான்தான் கடமையில் இருந்தேன். மச்சானின் பெயர், தகப்பன் பெயர், மனைவி, பிள்ளைகள், சகோதரி என்று அந்த அறிவிப்பாளர் அழகான உச்சரிப்பில் வாசித்துக்கொண்டு போனார். மைத்துனர் என்ற இடத்தில் என் பெயரும் வந்தது. மீற்றர் முள் ஒவ்வொரு பெயருக்கும் எழும்பி விழுந்தது. குடாநாடு முழுவதும் அது மிகத் தெளிவாகக் கேட்டிருக்கும். ஐயா வந்து, "நீ போ தம்பி, நான் நிக்கிறன்," என்றார். நான் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கலைந்தபின் மச்சானின் வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும் இருந்தோம். பிள்ளைகள் உள்ளே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மச்சானின் மனைவி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு எதிரே நிலத்தில் இருந்தாள். அந்த ஒரு மாதமும் அவள் என்னிடம் நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கூட்டாளி சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும். பற்றரியைப் பற்றிச் சொன்னதும் தெரியும். அவள் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, ஒண்டு கேப்பன், உண்மையைச் சொல்லுங்கோ."

"கேளுங்கோ தங்கச்சி."

"அண்டைக்குக் கொழும்பு றேடியோவும் கதைக்காமல் இருந்திருந்தா, இவர் விடியுமட்டும் நங்கூரம் போட்டுக்கொண்டு கிடந்திருப்பார், என்ன?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். வேண்டாம், சொல்லாதே என்று அந்தப் பார்வையில் இருந்தது. பொய் சொல்ல எனக்கு வாய் வந்தது. அலையைச் சொல்லலாம், காற்றைச் சொல்லலாம், விதியைச் சொல்லலாம். ஆனால் பதினாறு வயதில் அந்த வீட்டுக்கு வந்து, கடலையும் காற்றையும் என்னை விடக் கூடக் கேட்டு வளர்ந்தவளிடம் அது எடுபடாது.

"ஓம்," என்றேன். "கிடந்திருப்பார்."

"அப்ப, ஒண்டும் கேக்காமல் இருந்திருந்தா உயிரோடை வந்திருப்பார்."

"ஓம் தங்கச்சி."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றாள்.